இரண்டு தாள்கள்

காட்பாடி சந்திப்பில் குழந்தைகள் உதவி மேசையில் பதினான்கு ஆண்டுகள் உட்கார்ந்தவள் நான். சேர்ந்த புதிதில் போர்ட்டர்களும் டீக்கடைக்காரர்களும் என்னை அக்கா என்றார்கள். விலகும்போது அம்மா என்றார்கள். இப்போது முழங்கால் மேம்பாலப் படிகளில் ஏற மறுக்கிறது. அதனால் எங்கள் தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையைத் தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு அணிக்கும் அதையே வாயால் சொல்லி அலுத்துவிட்டது. எழுதிவைத்துவிடுகிறேன்.

குழந்தையைத் தேடுவது என்றால் ஓடுவது என்று நினைத்துக்கொண்டு வருகிறீர்கள். ஓட வேண்டிய நேரமும் உண்டு. ஆனால் நான் பார்த்த பிள்ளைகளில் பலர், பெற்றோர் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தபோது, ஏதோ ஓர் இல்லத்தில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு காவல் நிலையத்தில் ‘காணவில்லை’ என்று ஒரு தாள் இருக்கும். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஓர் இல்லத்தின் பதிவேட்டில் ‘கிடைத்தான்’ என்று இன்னொரு தாள் இருக்கும். இரண்டும் ஒரே பையனைப் பற்றியவை என்று யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு தாள்களையும் சந்திக்க வைப்பதுதான் நம் வேலையில் பெரும்பகுதி. அதற்கு ஒழுங்காக எழுதத் தெரிய வேண்டும். அதற்கும் முன்னால் கேட்கத் தெரிய வேண்டும்.

முதல் தாள்: காணவில்லை

பிள்ளையைக் காணோம் என்று ஒரு தாய் வந்து நின்றால், அவளை உட்கார வைக்கும் முன்பே அவளோடு காவல் நிலையத்துக்கு ஒருவரை அனுப்புங்கள். இருபத்துநான்கு மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று எவர் சொன்னாலும், அவர் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும், காதில் வாங்காதீர்கள். அப்படி ஒரு விதி கிடையாது. 2013 மே 10 அன்று உச்ச நீதிமன்றம், பச்பன் பச்சாவோ ஆந்தோலன் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: குழந்தை காணாமல் போனதாகப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதிய வேண்டும், வேறு விதமாக நிரூபணம் ஆகும்வரை அது கடத்தல் என்றே கருதி விசாரிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒரு சிக்கல் உண்டு. நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முத்திரை, எண், கையெழுத்து எல்லாம் இருக்கும். வழக்குப் பதிவாகிவிட்டது என்று குடும்பம் நம்பிவிடும். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டுமே. நமக்கு வேண்டியது எஃப்.ஐ.ஆர்., அதன் நகல். நகல் இலவசம். ‘எங்கள் எல்லை இல்லை’ என்றால், எந்த நிலையத்திலும் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்பலாம் என்ற ஜீரோ எஃப்.ஐ.ஆர். முறையை நினைவுபடுத்துங்கள். குரலை உயர்த்தாதீர்கள். ஒருமுறை நான் உயர்த்தினேன். நான் போட்ட சண்டைக்கு அந்தத் தாய் மூன்று மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தாள். அதன் பிறகு, தீர்ப்பின் தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ‘ஐயா, இதையும் மனுவோடு வைத்துக்கொள்ளுங்கள்’ என்று நீட்டப் பழகினேன். சீட்டுக்கு இருக்கும் மரியாதை என் குரலுக்கு இருந்ததில்லை.

நாலு மாதமாகியும் பிள்ளை கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. நாட்காட்டியில் குறித்துவையுங்கள். குடும்பத்துக்கு அந்த நாள் நினைவிருக்காது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவதென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

இனி, தாளில் என்ன எழுதுவது. ‘வயது 9, மாநிறம், உயரம் 4 அடி’ என்று எழுதிய தாள்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். மாநிறம் என்றால் தமிழ்நாட்டில் பாதிப் பேர். இன்னொரு பாதியும் தன்னை மாநிறம் என்றே சொல்லிக்கொள்ளும். தாயிடம் இப்படிக் கேளுங்கள்: குளிப்பாட்டும்போது உங்கள் கைக்குத் தட்டுப்படும் தழும்பு எது? தடுப்பு ஊசித் தழும்பு எந்தக் கையில்? முன்பல் விழுந்து முளைத்துவிட்டதா, பாதியா? சட்டைக் காலரில் எந்தத் தையல்காரரின் பெயர்? எந்தக் கை முந்தும்? வீட்டில் என்ன பெயர், பள்ளியில் என்ன பெயர்? கோபம் வந்தால் எங்கே போய் உட்காருவான்? போன தீபாவளிக்கு எங்கே போக வேண்டும் என்று அடம்பிடித்தான்? யாருடைய தொலைபேசி எண் அவனுக்கு மனப்பாடம்?

கடைசிக் கேள்வியை விட்டுவிடவே கூடாது. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரே எண்தான் நினைவிருக்கும். அந்தத் தொலைபேசியை யாரும் அணைக்கக் கூடாது. சொந்தக்காரர்கள் அதில் கூப்பிட்டு அழக் கூடாது. தெரியாத எண்ணிலிருந்து எது வந்தாலும் எடுக்க வேண்டும். பிள்ளையின் கைபேசி வீட்டிலேயே இருந்தால் சார்ஜ் போட்டு வையுங்கள். ஆத்திரத்தில் அப்பா அதிலிருந்து எதையாவது அழிக்கப் பார்ப்பார். கையைப் பிடித்துத் தடுங்கள். கேமராப் பதிவு வைத்திருக்கும் கடைகளுக்கு அன்றைக்கே போங்கள். பல கருவிகளில் சில நாட்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

பெயர் ஒரு பெரிய குழி. காணாமல் போன பிள்ளைகளையும் கிடைத்த பிள்ளைகளையும் பதிவதற்கு டிராக் சைல்ட் என்ற தேசியத் தளம் இருக்கிறது. இப்போது அது மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் தளத்தோடு சேர்ந்துவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ழ’வுக்கு ஒருவர் இசட் எச் போடுவார், மற்றவர் எல் போடுவார். ஒருவர் இனிஷியலை முன்னால் வைப்பார், மற்றவர் அதை விரித்து அப்பா பெயரைப் பின்னால் வைப்பார். ஆகவே பெயரைக் கொண்டு மட்டும் தேடாதீர்கள். ஐந்தாறு எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். பிறகு பெயரையே விட்டுவிட்டு, வயதை இரண்டு ஆண்டு முன்னும் பின்னும் தள்ளி, தேதியை வைத்துத் தேடுங்கள். எனக்குத் தெரிந்து ஒரு பையனின் இரண்டு தாள்களும் இருபத்துமூன்று நாட்கள் சந்திக்கவில்லை. ஒன்றில் பள்ளிப் பெயர், மற்றதில் பாட்டி கூப்பிடும் பெயர்.

இரண்டாவது தாள்: கிடைத்தான்

நடைமேடையில் தனியாக ஒரு பிள்ளை நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுப் பிள்ளை அழும், உங்களுக்கே தெரிந்துவிடும். பதின்மூன்று வயதுக்காரன் அழ மாட்டான். எல்லாம் தெரிந்தவன்போல் ரயில் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். காலைப் பாருங்கள். வீட்டை விட்டுக் கோபத்தில் கிளம்பியவன் வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருப்பான். அது அப்பாவுடையதாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமையில் பள்ளிப்பை சுமப்பவனையும் கவனியுங்கள். தேர்வு முடிவு வரும் வாரத்தில் இரட்டை ஷிஃப்ட் போடுங்கள். எங்கள் சந்திப்பில் ‘எங்கே போகிறாய்’ என்றால் பாதிப் பேர் சென்னை என்பார்கள். மீதிப் பேர் திருப்பதி என்பார்கள், அங்கே சாப்பாடு இலவசம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஓடிப்போகும்போதும் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை; பேசவைத்துவிடலாம்.

பக்கத்தில் போய் நிற்காதீர்கள், உட்காருங்கள். கையைப் பிடிக்காதீர்கள். ‘ஏன் ஓடிவந்தாய்’ என்பது போலீஸ் கேள்வி. முதல் பத்து நிமிடம் அது வேண்டாம். அடையாள அட்டை வெளியே தெரியட்டும். தண்ணீர், கழிப்பறை, சாப்பாடு, இந்த வரிசையில் கேளுங்கள். பசியை ஒத்துக்கொள்ள வெட்கப்படுகிற பையன்கூடக் கழிப்பறை எங்கே என்று கேட்டுவிடுவான். அதற்குள் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லிவிடுங்கள். 1996-ல் மும்பையில் ஒரு சமூகப்பணிக் கல்லூரியின் திட்டமாகத் தொடங்கிய எண் அது. 2023-ல் அரசே ஏற்று, அவசர உதவி எண்ணான 112-உடன் இணைத்தது. அழைப்புக்குக் காசு கிடையாது. ரயிலுக்குள் என்றால் 139, அல்லது நிலையத்திலுள்ள ரயில்வே பாதுகாப்புப் படை. நம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது என்ற பேச்சே கூடாது, ஒரே ஒரு ராத்திரிக்கும். தனியாகக் கிடைத்த குழந்தையைப் பற்றி இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தகவல் தராமல் இருப்பது 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். பயண நேரம் போக இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பிள்ளை மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் நிற்க வேண்டும். எங்கே தங்கும், எப்போது வீட்டுக்குப் போகும் என்பதை அந்தக் குழுதான் முடிவு செய்யும்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி, ஊரைக் கண்டுபிடிப்பது.

ஏழு வயதுப் பையன் ஒருவன், தெற்கிலிருந்து திருப்பதிக்குப் போகும் ரயிலில் இருக்கைக்கு அடியில் தூங்கிக்கொண்டு வந்தான். ஊர் எது என்றேன். ‘புதூர்’ என்றான். தமிழ்நாட்டில் எத்தனை புதூர் என்று எண்ணிப் பார்க்க ஒரு பிறவி போதாது. மாவட்டம் தெரியாது, தாலுகா தெரியாது. அதெல்லாம் பெரியவர்கள் போட்ட கோடு. குழந்தைக்கு ஏன் தெரிய வேண்டும்? ஊரைக் கேட்டால் பெயர்தான் வரும். ஊருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். அம்மாவை எப்படிக் கூப்பிடுவாய்? ‘ஆத்தா.’ வீட்டுக்குப் பின்னால் என்ன தெரியும்? ‘மலை.’ மலை வீட்டுக்குக் கிட்டவா, தூரமா? ‘மழை வரும்போது தெரியாது.’ காலையில் முதல் பஸ்ஸில் யார் ஏறுவார்கள்? ‘பூ மூட்டை ஏறும்.’ என்ன பூ? அந்தக் கேள்விக்கு அவன் என்னை ஒன்றும் தெரியாதவளைப்போல் பார்த்தான். ‘மல்லிகைப் பூ.’ மூட்டை எங்கே இறங்கும்? ‘நிலக்கோட்டை.’

அவ்வளவுதான். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு முதல் பஸ்ஸில் பூ அனுப்புகிற புதூர்கள் எத்தனை இருந்துவிடும்? திண்டுக்கல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தொலைபேசியில் சொன்னோம். அன்று சாயங்காலமே பாட்டியின் குரல் தொலைபேசியில் கேட்டது. பையன் பேசவில்லை, பாட்டி திட்டுவதைக் கேட்டுக்கொண்டே சிரித்தான்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்விகள்: பஸ்ஸில் என்ன ஏற்றுவார்கள், எந்த நாளில் சந்தை, திருவிழாவுக்கு என்ன தூக்குவார்கள், எந்தச் சத்தத்தில் காலையில் விழிப்பு வரும். பாறை வெடிச் சத்தமா, தறிச் சத்தமா, ஆலைச் சங்கா? டவுன் பஸ் எண்ணைக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் பஸ் எண் தெரிந்திருக்கும். உறவுமுறைச் சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சித்தியா, சின்னம்மாவா, சாச்சியா என்பதில் ஊர் மட்டுமல்ல, வீடும் தெரியும். உங்களுக்குப் புரியாத சொல்லைத் திருத்தி எழுதாதீர்கள். பிள்ளையின் வாயில் வந்ததை அப்படியே எழுதுங்கள். நீங்கள் செந்தமிழாக்கிய சொல்லால் எந்தத் தாளும் இன்னொரு தாளைச் சந்திக்காது. வேறு மொழிப் பிள்ளை என்றால், அந்த மொழிக்காரர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து ஒலிபெருக்கியில் பேசவையுங்கள். பிள்ளை பாடினால் பதிவு செய்துகொள்ளுங்கள். பாட்டிலும் ஊர் இருக்கும்.

பேசாத பிள்ளைகளும் உண்டு. பேச்சு வராதவர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள். இவர்களை இல்லத்தார் ஆதார் பதியக் கூட்டிக்கொண்டு போவார்கள். ‘இந்தக் கைரேகை ஏற்கெனவே இருக்கிறது’ என்று விண்ணப்பம் திரும்பி வரும். அந்த நிராகரிப்புதான் சிலருக்கு வீட்டுக்கான வழியாக இருந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்குப் பிறகுகூட இப்படிக் குடும்பத்தோடு சேர்ந்தவர்கள் உண்டு. ஐந்து வயதுக்குக் கீழே எடுக்கும் ஆதாரில் கைரேகை இருக்காது. ஐந்து வயதிலும் பதினைந்திலும் புதுப்பிக்க வேண்டும். உங்கள் தெருவில் இதைச் செய்யாத பெற்றோர் நிறையப் பேர் இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

கூட்டமாகப் போகும் பிள்ளைகள்

தனியாக நிற்கும் பிள்ளையைவிட எனக்குப் பயம் தருவது, ஒரே ஆளோடு போகும் ஆறேழு பையன்கள். வடக்கிலிருந்து வந்து காட்பாடியைத் தாண்டி சேலம், ஈரோடு, திருப்பூர் என்று போகும் ரயில்களின் ஜெனரல் பெட்டிகளில் பார்க்கலாம். இது வடக்கிலிருந்து தெற்கே மட்டும் நடப்பதில்லை. மதுரை, தேனிப் பக்கத்துப் பையன்கள் வடமாநில முறுக்குக் கம்பெனிகளுக்குப் போய்ச் சிக்கிய கதைகளும் நம்மிடம் இருக்கின்றன. அடையாளம் இதுதான்: எல்லா டிக்கெட்டும் ஒருவர் சட்டைப்பையில் இருக்கும். பையனைக் கேள்வி கேட்டால் பதிலுக்கு முன் கண் அந்த ஆளிடம் போகும். எல்லோருக்கும் வயது பதினெட்டு, எல்லோருக்கும் பிறந்த நாள் ஜனவரி ஒன்று. ‘எந்த வேலை’ என்றால் தெரியாது. ‘இவர் உனக்கு என்ன வேண்டும்’ என்றால் மாமா. ‘மாமா பெயர் என்ன’ என்றால் மௌனம்.

நீங்களாக எதையும் செய்யாதீர்கள். பெட்டி எண்ணையும் அடுத்த நிலையத்தையும் ரயில்வே பாதுகாப்புப் படைக்குச் சொல்லுங்கள். எங்கள் சந்திப்பில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகள் தினமும் வந்து இறங்குகிறார்கள். வேற்று மொழி பேசுகிற ஓர் ஆள் அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்றால், பெரும்பாலும் அவன் ரத்தப் பரிசோதனைக்கு நேரமாகிவிட்டதே என்று தவிக்கிற ஒரு தகப்பன்தான்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன்? 2018 மே மாதம், எங்களுக்குப் பக்கத்திலேயே, போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போன ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவள் என்று கூட்டம் சேர்ந்து அடித்தே கொன்றுவிட்டது. அதற்கு முந்தைய வாரங்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய ‘எச்சரிக்கை’ எனக்கும் வந்திருந்தது. நான் அதை யாருக்கும் அனுப்பவில்லை. ஆனால் அது பொய் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. அனுப்பியவர்களில் இரண்டு பேர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள்.

படம் போடுவது பற்றி

குடும்பம் கேட்டால் படத்தோடு அறிவிப்புத் தயாரிக்கலாம். தேதியை இட வேண்டும். காவல் நிலைய எண்ணையும் வழக்கு எண்ணையும் போட வேண்டும். தாயின் சொந்த எண்ணைப் போடவே கூடாது. போட்டால் அன்று இரவே ஒருவன் கூப்பிட்டு, ‘பிள்ளை என்னிடம் இருக்கிறான், ஐயாயிரம் அனுப்பு’ என்பான். அவள் அனுப்பிவிடுவாள். வீட்டு முகவரி, சாதி, ‘காதல் விவகாரம்’ போன்ற ஊகம், எதுவும் வேண்டாம். பதினைந்து வயதுப் பெண்ணின் படத்தோடு அவள் யாருடன் போனாள் என்று எழுதிச் சுற்றவிடுகிறவர்கள், அவள் திரும்பி வருவதற்கான கதவையும் சேர்த்தே அடைக்கிறார்கள்.

கிடைத்த பிள்ளையின் படத்தை நீங்கள் போடக் கூடாது. மீட்கப்பட்ட பிள்ளையோடு வரிசையாக நின்று எடுக்கும் படத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சால்வை போர்த்தியிருந்தாலும் சரி. இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவின்படி பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தக் கட்டுரையில் ஒரு பெயரும் இல்லாததற்கும் அதுதான் காரணம்.

வீட்டுக்குப் போன பிறகு

பெற்றோர் வந்து கட்டிப்பிடித்து அழுததும் கதை முடிந்தது என்று மேசையைத் துடைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். வீட்டுக்குப் போக மாட்டேன் என்று பிள்ளை சொன்னால், அதை அடம் என்று எழுதாதீர்கள். அந்தச் சொற்களை அப்படியே எழுதி நலக் குழுவிடம் கொடுங்கள். குழு சமூக விசாரணை அறிக்கை கேட்கும். வீட்டைப் போய்ப் பார்க்கச் சொல்லும். போகிறபோது வாசலில் நிற்கும் பெரியவரிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள்.

பிள்ளை சொல்வதில் பாலியல் வன்முறையின் சாயல் தெரிந்தால் அங்கேயே கேள்விகளை நிறுத்துங்கள். மீதியை நீங்கள் துருவ வேண்டாம். போக்சோ சட்டப்படி தகவல் தருவது நம் கடமை. வாக்குமூலம் வாங்குவது சீருடை அணியாத ஒரு பெண் அதிகாரியாக இருப்பதே முறை. பிள்ளை ஒரு முறை சொல்வதே பெரிது. நம் ஆர்வத்துக்காக நாலு முறை சொல்லவைத்த ஒரு தொண்டரை நான் வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன். அவர் நல்ல மனிதர்தான், அதில் சந்தேகமில்லை.

பதினைந்தாம் நாள் ஒரு தொலைபேசி, இரண்டாம் மாதம் ஒரு நேரடிப் பார்வை, இது எங்கள் வழக்கம். தொலைபேசியில் பெற்றோரிடம் ‘எப்படி இருக்கிறான்’ என்று கேட்டால் ‘நல்லபடியாக’ என்பார்கள். ‘பள்ளிக்கூடத்தில் யார் பக்கத்தில் உட்காருகிறான்’ என்று கேளுங்கள். பதில் தெரிந்தால் அவன் பள்ளிக்குப் போகிறான். தயங்கினால் அந்த வாரமே பஸ் ஏறுங்கள்.

நோட்டுப் புத்தகம் வாங்கும்போது தையல் போட்டதை வாங்குங்கள். கம்பிச் சுருள் போட்டதில் தாள் கிழிந்து காணாமல் போய்விடும்.